ஓநாய்களும் ஒரு வேலியும்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் குகன்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. முழங்கால் வலி அவவுக்கு அப்படியே இருக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

என் பொழுது இப்போது ஓர் இறுதியாண்டுப் பெடியனோடும் அவனுடைய ஓநாய்களோடும் போகிறது. சிரிக்காதே மச்சான். மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியைப் பிரித்தெடுப்பதுதான் அவனுடைய ஆய்வு. கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். எங்கே வெட்டினால் கட்டி தனியாகும்? ஒரு வெட்டு என்றால் 255 தெரிவுதான், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். நாலு வெட்டு என்றால் 17 கோடியைத் தாண்டும். அதற்குத்தான் 2014இல் வந்த சாம்பல் ஓநாய் முறை, ஓநாய்க் கூட்டம் வேட்டையாடுகிற மாதிரி நல்ல விடையைத் தேடுகிற கணினி முறை. நல்ல விடைக்குக் கிட்ட நிற்கிற மூன்று ஓநாய்களைப் பார்த்து மற்றவை நகரும். எறும்பு, குயில், திமிங்கிலம் என்று வேறு முறைகளும் உண்டு. ஒரு காட்டையே கணினிக்குள் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள்.

ஓநாய்கள் தேடுகிற இரை, ஒட்சு என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1979இல் சொன்ன அளவு. வெட்டிப் பிரித்த கூட்டங்களின் சராசரி வெளிச்சம் ஒன்றையொன்று விலகி நிற்க நிற்க அந்த அளவு கூடும்.

சனிக்கிழமை விறாந்தையில் மடிக்கணினியை விரித்தான். “சேர், எறும்பைவிட ஓநாய் திறம்.” அளவு நாலாம் தசமத்தில் கூடியிருந்தது. சரி, படத்தைக் காட்டு என்றேன். மருந்து ஏற்றி எடுத்த படம். கட்டியின் விளிம்பு வெள்ளை வளையமாய்ப் பளிச்சென்று தெரிந்தது. இரத்த நாளங்களும் அதே வெள்ளை. ஓநாய்கள் இரண்டையும் ஒரே கூட்டத்தில் போட்டிருந்தன. வளையத்தின் நடுவே செத்துப்போன இழையம், கறுப்பாக இருந்ததால் மூளையைச் சுற்றியுள்ள நீரோடு போய்ச் சேர்ந்திருந்தது.

ஓநாய்களில் பிழையில்லை. எந்த நிறத்தில் எத்தனை புள்ளி என்பதுதான் ஒட்சுவின் கணக்கு. எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. படத்தைத் துண்டு துண்டாக்கிக் குலுக்கி அடுக்கினாலும் அதே விடைதான் வரும். இதில் பகிடி என்னவென்றால், அந்த நாலு வெட்டையும் பெரிய கணக்கைச் சின்னக் கணக்குகளாய்ப் பிரித்துச் செய்கிற பழைய டைனமிக் புரோகிராமிங்கால் பிசகில்லாமல் கண்டுபிடித்துவிடலாம், நேரமும் எடுக்காது. அதைச் சொன்னதும் பெடியன் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டான். பாவம்.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடந்த வேலிச் சண்டை நினைவிருக்கிறதா? இரண்டு பக்கமும் ஒரே செம்மண். மண்ணைப் பார்த்து யாரும் எல்லை சொல்லவில்லை. காணி உறுதியை விரித்து, பழைய வேலிக் கதியால் நின்ற இடத்தைத் தேடினார்கள்.

அதுபோல நாங்களும் இப்போது நிறத்தை விட்டு எல்லையையே தேடுகிற, 1988இல் வந்த ‘பாம்பு’ முறைக்குத் திரும்பியிருக்கிறோம். ஒரு வளைகோடு. தன் இறுக்கமும் படத்து விளிம்பின் இழுவையும் சமனாகிற இடத்தில் அது நிற்கும். ஓநாய்களைக் கைவிட அவனுக்கு மனமில்லை. இறுக்கம் எவ்வளவு, இழுவை எவ்வளவு என்று தேட அவற்றை விட்டிருக்கிறான். படங்களைப் பார்த்துத் தானே பழகிப் பிரிக்கிற யூ-நெட் என்ற நரம்பு வலை 2015இல் வந்த பிறகு இது எதற்கு என்று நீ கேட்பாய். அவனுடைய மடிக்கணினி அதைத் தாங்காது. தவிர, இதில் பிழை வந்தால் இன்ன இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. பொதுவில் கிடைக்கிற படங்களில் பத்தை அனுப்புகிறேன். கட்டியின் எல்லையைக் கையால் கீறி அனுப்பு. இரண்டு கிழமை கழித்து, முதல் கீறியதைப் பார்க்காமல், அதே பத்தையும் இன்னொரு தரம் கீறு. உன் இரண்டு கோடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரியாமல் பெடியனுடைய கோட்டுக்குப் புள்ளி போட எனக்கு விருப்பமில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? அறை துப்புரவாக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ராசன்