அந்தப் பட்டன் கடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் நடுவில் ஏதாவது சொல்லி நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் மாறிவிடுவேன். அதனால்தான் பேப்பர் எடுத்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுகிறீர்கள். ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் யூதர்களைப் பற்றி நக்கலாக ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்து வைத்தாய், அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதே" என்று நீ சொன்னதும் கேட்டது.

திட்டுவதற்காக எழுதவில்லை. நீ ஸ்லோவாகியாவில் உன் ஊரிலிருந்து சபினோவ் என்ற சின்ன ஊருக்குப் போய்விட்டு, ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, "இங்கே ஒரு பழைய படம் எடுத்தார்களாம்" என்று. அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். 'கடைவீதியில் ஒரு கடை' என்று பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். 1965இல் யான் காடாரும் எல்மார் க்லோஸும் சேர்ந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் படித்ததில், இரண்டு மணி நேரப் படத்துக்கு எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

கடை என்ன கடை தெரியுமா? பட்டன் கடை! முப்பத்தைந்து வருஷம் பட்டனும் ஊக்கும் லேஸும் விற்றவன் நான், சும்மா இருப்பேனா? கதையை விட்டுவிட்டு அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டி வரிசை, தேடி எடுக்கும் அந்தக் கை, எல்லாம் நம் கடைதான். கடைக்குச் சொந்தக்காரி லாவுட்மன் என்ற யூதக் கிழவி. காது கேட்காது, கண்ணும் சரியில்லை. இரண்டாம் உலகப்போர் நேரம், ஹிட்லரோடு சேர்ந்துகொண்ட ஸ்லோவாக் அரசாங்கம் யூதர்களின் கடைகளைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிற காலம் அது. டோனோ என்று ஒரு தச்சன். அவனுடைய சகலை ஆளுங்கட்சிப் படையில் பெரிய ஆள். ரம் பாட்டிலோடு வந்து, இனி இந்தக் கடைக்கு நீதான் பொறுப்பு என்று ஒரு காகிதத்தை நீட்டுகிறான். காகிதத்தைக் கிழவியிடம் காட்டினால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒத்தாசைக்கு வந்த பையன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

அதற்குமேல் ஒரு கூத்து. கடையில் ஒரு காசு கிடையாது, எப்போதோ திவால். ஊர் யூதர்கள் தங்களுக்குள் வசூல் பண்ணித்தான் அவளுக்குச் சோறு போடுகிறார்கள். டோனோவுக்கும் வாராவாரம் சம்பளம் தருகிறோம், நீயே இருந்துகொள் என்கிறார்கள். இவன் போனால் இவனைவிட மோசமானவன் வந்து உட்காருவான் என்ற கணக்கு. பெண்டாட்டியிடம் அந்தப் பணத்தைக் கடை வருமானம் மாதிரி கொடுக்கிறான். கிழவியின் உடைந்த மேஜை நாற்காலிகளைச் சரிபண்ணித் தருகிறான். அவள் செத்துப்போன புருஷனின் கோட்டையும் தொப்பியையும் இவனுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். பார்த்தால் பாட்டியும் பேரனும் போலத்தான் இருக்கிறது.

முடிவைச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருநாள் யூதர்களை எல்லாம் சதுக்கத்தில் நிறுத்தி ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கிறார்கள். கடை வாசலுக்கு நேர் எதிரே. உள்ளே டோனோ குடித்துக்கொண்டே இருக்கிறான். ஒளித்து வைக்கலாமா என்கிறான். அடுத்த நிமிஷம், மாட்டினால் என் கதி என்ன என்று அவளையே இழுத்து வெளியே தள்ளப் பார்க்கிறான். கெஞ்சுகிறான், கத்துகிறான். அப்போதுதான் கிழவிக்கு என்ன நடக்கிறது என்று உறைக்கிறது. ஆட்கள் கடைப்பக்கம் வருவதைப் பார்த்ததும் பதறிப்போய் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். எல்லாம் அடங்கிய பிறகு திறந்து பார்த்தால் உயிர் இல்லை. அவனும் தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

குஹார் என்று அவனுடைய நண்பன் ஒருவன் வருகிறான். அவன் யூதன் இல்லை, ஆனால் அவர்களுக்கு உதவுகிறவன். அப்படிப்பட்டவர்களை "வெள்ளை யூதன்" என்று ஏசுவார்களாம். அடித்து, அட்டை மாட்டி ஊர் பார்க்க நிறுத்துகிறார்கள். டோனோவை நடுங்க வைத்தது முக்கியமாக அந்தக் காட்சிதான் என்பது என் எண்ணம். ஒருவனை அடித்தால் பார்க்கிற நூறு பேர் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

படம் முடிந்ததும் லைப்ரரிக்குப் போய்க் கொஞ்சம் படித்தேன். ஸ்லோவாகியாவில் அப்போது ஜனாதிபதி யோசெஃப் டிசோ, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர் கடைகளை, தொழில்களை இழுத்து மூடியிருக்கிறார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இப்படிக் கைமாறியது. 1942 மார்ச் 25 அன்று, உன் ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் போப்ராடிலிருந்து, கிட்டத்தட்ட ஆயிரம் யூத இளம்பெண்களை, ஹிட்லர் ஆட்கள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். உன் வயதும் உனக்குக் கீழேயும். அந்த அக்டோபருக்குள் சுமார் 58,000 பேர். தலைக்கு 500 மார்க் வீதம் ஜெர்மனிக்கு ஸ்லோவாக் அரசே கட்டணம் கட்டியிருக்கிறது! கொள்முதல் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவன் நான், அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நீ இருக்கிற கோஷிட்சே அப்போது ஹங்கேரி வசம் இருந்ததாம். அங்கே 1944இல் நடந்திருக்கிறது. ஊர் யூதர்களைச் செங்கல் சூளையில் அடைத்து வைத்து, ரயில் ஏற்றினார்கள்.

படம் எடுத்த இருவரில் காடாரின் அப்பா, அம்மா, சகோதரி மூவரும் ஆஷ்விட்ஸில் உயிரைவிட்டவர்கள். அப்படிப்பட்டவர் இந்தத் தச்சனை வில்லனாகக் காட்டவில்லை, பார்த்தாயா. கிழவியாக நடித்த இடா காமின்ஸ்கா, போலந்தில், அந்தப் பக்கத்து யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் நாடகக் கம்பெனி நடத்திய பெரிய நடிகை. இந்தப் படத்துக்காக ஆஸ்கார் வரை அவர் பெயர் போனது. படம் வந்து மூன்று வருஷம் கழித்து, 1968இல், போலந்து அரசாங்கமே யூதர்களுக்கு எதிராகக் கிளப்பிவிட்ட பிரசாரத்தில், எழுபதை நெருங்கும் வயதில் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. யுத்தம் முடிந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கதி.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம் சமையலறையில் உளுந்து போட்டு வைத்திருக்கும் கண்ணாடி ஜாடி, பித்தளை மூடி போட்டது. அது நம் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பட்டன் வியாபாரம் செய்த பெரியவருடையது. வேறு மதக்காரர். மொத்த விலைக்குத் தருவார். சரக்கு தீர்ந்துபோனால் ஒரு குரோஸ், அதாவது பன்னிரண்டு டஜன் பட்டனைக் கடனாகக் கொடுத்து, எழுதிக்கூட வைத்துக்கொள்ள மாட்டார். நீ பிறப்பதற்கு முன்னால், ஊரில் ஒரு கலவரம் நடந்து ஓய்ந்த பிறகு, அவருக்கு வாடகையைப் புதுப்பித்துக் கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர்கள் கட்டட முதலாளிக்கு மனு எழுதினார்கள். என்னிடமும் வந்தார்கள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

ஒரு மாதத்தில் அவர் காலி செய்துவிட்டார். போகிற அன்று பட்டன் போடும் ஜாடிகளில் ஒன்றை எடுத்து வந்து, "உங்களுக்கு உபயோகப்படும், வச்சுக்கங்க" என்று என் மேஜைமேல் வைத்தார். மனு விஷயம் அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. கிழவி அந்தக் கோட்டை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். அன்று அதற்குமேல் பார்க்க முடியவில்லை. இரண்டு ராத்திரி ஆனதற்கு அதுதான் காரணம், சப்டைட்டில் இல்லை.

டோனோ யாரையும் வெறுத்தவன் இல்லை. நானும் அந்தப் பெரியவரை வெறுக்கவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன். அவன் கடைசி நாளில் குடித்துவிட்டுத் தேடிய தைரியத்தை, ரம் பாட்டில் வந்த முதல் ராத்திரியே தேடியிருந்தால் காரியம் சின்னதாக முடிந்திருக்கும். சகலையிடம் ஒரு சண்டை, பெண்டாட்டியிடம் பத்து நாள் ஏச்சு, அவ்வளவுதான். எனக்கு அதுகூட இல்லை. பேனாவை மூடி வைத்திருந்தால் போதும்.

நீ ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தாய். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன். உன் ஆபீஸில் அந்த ஆள் மறுபடியும் சொல்வார். அப்போது பிரசங்கம் எல்லாம் பண்ண வேண்டாம். "எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை" என்று அந்த ஊர் பாஷையில் எப்படிச் சொல்வது என்று கேட்டு வைத்துக்கொள். உனக்குத்தான் இப்போது அரைகுறையாக வருகிறதே.

உளுந்தை டப்பாவுக்கு மாற்றிவிட்டு ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பையன் வேறு ஊரில் கடை வைத்திருப்பதாகக் கேள்வி, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு ஜாடியைக் காலி பண்ணினீர்கள் என்று அம்மா நேற்றிலிருந்து கேட்கிறாள். அவளுக்கு இந்த மனு விஷயம் தெரியாது. கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன். அதனால் வந்து சேர நாலு நாள் கூடுதலாக ஆனால் கவலைப்படாதே.

பருப்புப் பொடி தனியாகப் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
அப்பா