பிரஸ்ஸை நாங்க ஏன் செட் பண்ணி அனுப்புறதில்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க,

துப்பாக்கி ரவுண்டை வீட்டுலயே தயாரிக்கற பிரஸ் மெஷினை விக்கறோம் நாங்க. கொஞ்ச நாளா கடைக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, டில்லன் பிரஸ் ஆர்டர் போட்டிருக்கேன், நீங்களே 9 எம்எம்முக்கு செட் பண்ணி அனுப்பிடுங்களேன், பெட்டியைத் திறந்து கைப்பிடியை இழுத்தா ரவுண்டு விழணும், அதுக்கு தனியா காசு வேணா தர்றேன்." இங்க டெக்சஸ்ல மேட்ச் சுடற நம்ம ஆளுங்க கூடிட்டே போறாங்க, அதனால தமிழ்லயே எழுதிடறேன். செட் பண்ணி அனுப்ப மாட்டோம்ங்க. கோவிச்சுக்காம காரணத்தைக் கேளுங்க.

ரவுண்டுன்னா முழு தோட்டா: பித்தளை கேஸ், அடியில தீப்பொறி தர்ற பிரைமர், உள்ள பவுடர், வாயில புல்லட். டை, அதாவது பிரஸ்ல இதையெல்லாம் அழுத்திச் சேர்க்கற அச்சு, எவ்வளவு இறங்கணும்னு முடிவு பண்றது உங்க புல்லட்டும் உங்க பேரலும்தான். 9 எம்எம் ரவுண்டோட மொத்த நீளம் அதிகபட்சம் 1.169 இஞ்ச்னு அமெரிக்காவுல தோட்டா அளவுகளை வகுக்கற எஸ்ஏஏஎம்ஐ அமைப்பு சொல்லுது, ஆனா அது மேல் எல்லை மட்டும்தான். ஒரே 124 கிரெய்ன் (கிரெய்ன்ங்கறது எடை அளவு) புல்லட்டை ஒரே நீளத்துல அழுத்தி வச்சா க்ளாக் பிஸ்டல்ல சறுக்கிட்டுப் போய் உக்காரும், சிஇசட் பிஸ்டல் பேரல்ல பாதியிலயே முட்டிக்கும், ஏன்னா அதுல சேம்பருக்கு (ரவுண்டு உக்கார்ற குழிக்கு) முன்னாடி புல்லட்டுக்கு விட்ட இடம் குட்டை. இதை நான் எங்க கடை பெஞ்சுல உக்காந்து எப்படி சொல்ல முடியும்? பேரலைக் கழட்டி கையில பிடிச்சு ரவுண்டை உள்ள விடுங்க, "டொக்"னு விழணும், தலைகீழா கவுத்தா அதுவா வெளிய விழணும், விரலால லேசா சுத்தினா சுத்தணும். இது நடக்கலன்னா புல்லட்டை இன்னும் கொஞ்சம் உள்ள இறக்கணும். ஆனா கண்டபடி இறக்கக்கூடாது, உள்ள இடம் குறையக் குறைய பிரஷர் ஏறும், 9 எம்எம் ஏற்கனவே 35,000 பிஎஸ்ஐ வரைக்கும் போற சமாச்சாரம், 38 ஸ்பெஷல் ரிவால்வர் ரவுண்டு மாதிரி 17,000ல நிக்கறது இல்ல.

சரி, பெட்டி வந்தாச்சுன்னு வச்சுக்குவோம். பெஞ்சு ஆடக்கூடாது, துளை போட்டு போல்ட்டுதான் போடணும், கிளாம்ப்ல பிடிச்சு வச்சா கைப்பிடியை முன்னாடி தள்ளி பிரைமர் ஏத்தும்போது பெஞ்சே எந்திரிச்சு வரும். அப்புறம் பவுடரும் வேணாம் பிரைமரும் வேணாம், ஒரே ஒரு காலி கேஸை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஸ்டேஷனா, அதாவது ஒவ்வொரு வேலை நடக்கற இடமா போங்க. கேஸை அளவுக்குக் கொண்டு வர்ற சைஸிங் டையை, கேஸ்களைப் பிடிச்சிருக்கற வட்டத் தட்டான ஷெல்பிளேட்டைத் தொடற வரைக்கும் இறக்கி ஒரு துளி பின்வாங்குங்க, கேஸ் உள்ள இருக்கும்போதே லாக் ரிங்கை இறுக்குங்க, அப்பதான் டை நடுவுல நிக்கும். அடுத்து கேஸ் வாயை விரிக்கறது, புல்லட் விழாம உக்கார்ற அளவு விரிஞ்சா போதும், ரொம்ப விரிச்சா பித்தளை சீக்கிரம் கிழியும். கடைசி ஸ்டேஷன்ல டேப்பர் க்ரிம்ப், அதோட வேலை விரிச்ச வாயை மூடறது மட்டும்தான், வாய்ப்பக்கம் காலிப்பர்ல 0.380 இஞ்சுக்கு மேல காட்டக்கூடாது. 9 எம்எம்மும் 45 ஏசிபிங்கற பிஸ்டல் ரவுண்டும் கேஸ் வாய்லதான் சேம்பர்ல நிக்குது, அதனால அதைப் போட்டு நசுக்கிடாதீங்க.

இப்ப நிறைய பேர் கோட்டை விடற இடம். ஒத்தை கேஸை வச்சு நீளம் செட் பண்ணிட்டு, அப்புறம் எல்லா ஸ்டேஷன்லயும் கேஸ் நிரப்பி ஓட்டினா நீளம் மாறும். சைஸிங் டைல ஒரு கேஸ் இறுகும்போது ஷெல்பிளேட் மேல வர்ற பாரம் வேற, காலியா இருக்கும்போது வேற, அவ்வளவுதான் விஷயம். அதனால தட்டு முழுக்க நிரம்பி ஓடும்போது வெளிய வர்ற ரவுண்டை அளந்துதான் கடைசி முடிவு எடுக்கணும். "மெஷின் கன்சிஸ்டன்டா இல்ல, ரிட்டர்ன் எடுத்துக்கங்க"ன்னு வர்ற போன் முக்காவாசி இதுதான், மீதி ஷெல்பிளேட் நடு போல்ட் லூஸா இருக்கறது. அது லூஸா இருந்தா பிரைமர் முழுசா உக்காராது. ஒவ்வொரு ரவுண்டு அடியிலயும் விரலை ஓட்டிப் பாருங்க, பிரைமர் சமமா, இல்லன்னா ஒரு மயிரிழை உள்ள இருக்கணும், தூக்கிட்டு இருந்தா அதைத் தனியா வச்சிடுங்க.

பவுடருக்கு வருவோம். இதுக்குத்தான் நான் இவ்வளவு நீட்டி எழுதறதே. முதல்ல தராசு எதுல இருக்குன்னு பாருங்க, கிராமா கிரெய்னா. நமக்கு கிராம் பழகின கண்ணு, ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிராம்ங்கறது பதினஞ்சு கிரெய்னுக்கு மேல. பவுடரை அளந்து கொட்டற ஹாப்பர் முதல் கொஞ்சம் தடவை கூடக் குறையத்தான் கொட்டும், அதை டப்பால திருப்பிக் கொட்டிட்டு அப்புறம் எடை போடுங்க. பத்து தடவை கொட்டினதை சேர்த்து எடை போட்டு பத்தால வகுத்துக்கங்க.

டில்லன் ஆர்எல் 550 பிரஸ்ல தட்டை நீங்கதான் கட்டைவிரலால சுத்தணும். பேச்சு கேட்டுட்டே சுத்த மறந்து ரெண்டாவது தடவை இழுத்தீங்கன்னா அதே கேஸ்ல ரெண்டு பங்கு பவுடர். டைட்குரூப் மாதிரி கெட்டியான பவுடர் 9 எம்எம் கேஸ்ல பாதிக்கும் கீழதான் நிக்கும், ரெண்டு பங்கு விழுந்தாலும் வழியாது, மேல புல்லட் உக்காந்துட்டா வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நாங்க கேஸ்ல அதிக இடம் பிடிக்கற பருமனான பவுடர்தான் எடுத்துக் கொடுப்போம், ரெண்டு தடவை விழுந்தா வழிஞ்சு மேசையெல்லாம் கொட்டும், அசிங்கமா இருக்கும், ஆனா துப்பாக்கியும் கையும் மிஞ்சும். டில்லன் எக்ஸ்எல் 750ல தட்டு தானா சுத்தும், அஞ்சு ஸ்டேஷன், பவுடர் அளவு சரியான்னு காட்டற பவுடர் செக் டை போடவும் இடம் இருக்கு. ஆனா நடுவுல சிக்கினா அதுலயும் இதே தலைவலிதான். விதி ஒண்ணுதான்: சிக்குச்சா, போன் வந்துச்சா, குழந்தை கூப்பிட்டுச்சா, திரும்பி வந்ததும் தட்டுல இருக்கற எல்லா கேஸையும் எடுத்து கொட்டிட்டு புதுசா ஆரம்பிங்க. ஒரு சின்ன எல்ஈடி லைட்டை மாட்டி, புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸ் உள்ளயும் கண்ணால பாருங்க. பவுடரே விழாத கேஸ் இன்னொரு ஆபத்து, பிரைமர் மட்டும் புல்லட்டை பேரலுக்குள்ள தள்ளிட்டு நிறுத்திடும், சத்தம் "புஸ்"னு வரும், அப்ப அடுத்த குண்டை சுட்டீங்கன்னா பேரல் போச்சு.

"எத்தனை கிரெய்ன் போடட்டும்"னு போன்ல கேட்டா சொல்ல மாட்டோம், பவுடர் கம்பெனியோட சொந்த மேனுவல் பாருங்க, குறைஞ்ச அளவுல ஆரம்பிங்க. மேட்ச்சுல 9 எம்எம்முக்கு பெரும்பாலும் 125 பவர் ஃபேக்டர் (புல்லட் எடையும் வேகமும் சேர்ந்த கணக்கு) தாண்டினா போதும்.

பித்தளை பொறுக்கும்போது 9 எம்எம் குவியல்ல 380ங்கற வேற பிஸ்டல் ரவுண்டோட கேஸ் கலந்திருக்கும். 45 ஏசிபில சின்ன பிரைமர் கேஸும் பெரிய பிரைமர் கேஸும் கலந்தே கிடக்கும், அடியைப் பாத்து பிரிங்க, இல்லன்னா பெரிய பிரைமர் சின்ன குழியில மாட்டி நசுங்கி மொத்த ஓட்டமும் நின்னுடும். கண்ணாடி போடாம பிரைமர் ட்யூப் கிட்ட போகாதீங்க. கையைக் கழுவாம சாப்பாட்டுல கை வைக்காதீங்க, பித்தளையைச் சுத்தம் பண்ற டம்ப்ளர் மெஷின் தூசியில ஈயம் இருக்கு.

சொந்தமா சுட லோட் பண்றதுக்கு ஃபெடரல் லைசென்ஸ் வேணாம், ஆனா விக்கறதுக்குன்னு தயாரிச்சா டைப் 06 எஃப்எஃப்எல்ங்கற ஃபெடரல் லைசென்ஸ் வேணும். கிளப்ல நண்பருக்கு "காசு கொடு, பண்ணித் தர்றேன்"கிறதெல்லாம் விளையாட்டு இல்லைங்க. இன்னொண்ணு, ரேஞ்சுக்குக் கொண்டு போற பையை ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போகாதீங்க. ஓரத்துல மறந்து கிடக்கற ஒத்தை குண்டுக்கே இந்திய ஏர்போர்ட்ல ஆயுதச் சட்டத்துல வழக்கு போடறாங்க, லீவு முழுக்க வக்கீல் பின்னாடி அலையணும். காலி பித்தளை கேஸும் வேணாம், பையை இங்கயே வச்சிட்டுப் போங்க.

பவுடரும் பிரைமரும் தரை வழியாத்தான் வரும், ஆபத்தான சரக்குக்கான ஹேஸ்மேட் கட்டணம் பில்லுல தனியா இருக்கும், அது எங்க லாபம் இல்ல. ரெண்டையும் ஒரே ஆர்டர்ல போட்டா பெரும்பாலும் ஒரு கட்டணத்தோட முடிஞ்சிடும். செட் பண்ணும்போது சிக்கினா ஷெல்பிளேட்டை மேல இருந்து போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த ஸ்டேஷன்ல என்ன டைன்னு எழுதுங்க, கடை மூடறதுக்குள்ள பதில் போட்டுடறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து