செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். முட்டிவலிக்கு டாக்டரைப் பார் என்று நான் சொல்லி நீ கேட்கப் போவதில்லை, விடு. இங்கே பிரஸ்ஸல்ஸில் எல்லாரும் சுகம். குளிர்தான் இன்னும் விடவில்லை.

கடைசியில் ஒரு கேள்வியைக் கொளுத்திப் போட்டிருந்தாய். "வெள்ளைக்காரன் போய் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, ரயிலும் போட்டுக் கொடுத்துட்டுப் போனான். ஆப்பிரிக்கா இன்னும் ஏன் இப்படிக் கிடக்கு?" 54 நாடுகளுக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. நான் குடியிருக்கும் ஊரின் மினுக்கில் காங்கோவின் காசு நிறைய இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1884-85இல் பெர்லினில் 14 நாடுகள் கூடி, ஆப்பிரிக்காவில் யார் எப்படி இடம் பிடிக்கலாம் என்று விதி எழுதின. ஆப்பிரிக்கர் ஒருவரும் அங்கே இல்லை. அந்தச் சமயத்தில்தான் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு, தன் நாட்டைப் போல 75 மடங்குக்கும் பெரிய காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டார். ஒருநாள்கூட அந்த மண்ணை மிதிக்கவில்லை, மனுஷன்.

முதலில் தந்தம். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகு ரப்பர். காட்டுக்கொடியில் பால் எடுக்கும் வேலைக்கு யார் விரும்பிப் போவார்கள்? பெண்களைப் பிணையாகப் பிடித்து அடைத்தார்கள். குறித்த எடை ரப்பரை ஆண்கள் கொண்டுவந்தால்தான் விடுதலை. செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் சிப்பாய் ஒரு வலது கையைக் கணக்குக் காட்ட வேண்டும். தோட்டாவை வேட்டையில் செலவழித்தவன், உயிரோடிருப்பவரின் கையை வெட்டி எண்ணிக்கையைச் சரிக்கட்டினான்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் ஒருவர் மோரெல் என்ற கப்பல் கம்பெனி குமாஸ்தா. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்குவது ரப்பரும் தந்தமும், ஏறுவது பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும். விலை கொடுத்து வாங்கினால் பதிலுக்கு ஏதாவது சரக்கு போக வேண்டுமே? போகவில்லை. அப்படியானால் வேலை வாங்குவது துப்பாக்கிமுனையில்தான் என்று கணக்கேட்டை வைத்தே பிடித்துவிட்டார். கூச்சல் அதிகமாகி, 1908இல் காங்கோ மன்னரிடமிருந்து பெல்ஜிய அரசின் கைக்குப் போனது.

நீ சொன்ன ரயிலுக்கு வருகிறேன். கடலை நெருங்கும் இடத்தில் காங்கோ ஆறு அருவியும் பாறையுமாக விழுகிறது, கப்பல் ஏற முடியாது. அந்தத் தடையைத் தாண்டிச் சரக்கை இறக்கத்தான் 1898இல் மத்தாடி துறைமுகத்துக்கான ரயில்பாதை முடிந்தது. தண்டவாளம் காட்டிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் துறைமுகத்துக்கு ஓடியது. அரசாங்கமும் அப்படித்தான், எடுத்துக்கொண்டு போக அமைத்த ஏற்பாடு. ஊர்க்காரன் அதை நடத்தப் பழக வேண்டும் என்ற எண்ணமே இல்லை. 1960 ஜூன் 30இல் சுதந்திரம் வந்தபோது பட்டதாரிகள் இருபது முப்பது பேருக்குள்தான். ராணுவத்தில் காங்கோ அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது. சில நாளிலேயே பெல்ஜியத் தளபதி ஜான்சென்ஸ் சிப்பாய்கள் முன்னால் கரும்பலகையில் எழுதினார்: "சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்". கலகம் வெடித்தது. அப்புறம் செம்பு விளையும் கட்டாங்கா மாகாணம் பெல்ஜிய ஆதரவோடு பிரிந்தது. 1961 ஜனவரியில் முதல் பிரதமராக இருந்த லுமும்பாவைக் கொன்றார்கள். அவர் உடலில் எஞ்சிய ஒரே ஒரு பல் 2022இல்தான் பெல்ஜியத்திலிருந்து ஊர் திரும்பியது.

அப்புறம் ஆட்சியைப் பிடித்த மொபுட்டு என்ன யோக்கியனா என்று கேட்பாய். இல்லவே இல்லை. 1965 முதல் 1997 வரை வாரிச் சுருட்டினார். ஆனால் வாரிச் சுருட்டவே செய்த நாற்காலி தயாராகக் கிடந்தது, மேற்குநாடுகளும் பிடித்து உட்காரவைத்தன. அவர் குற்றம் அவருக்கு. நாற்காலி செய்தவரை ஏன் விட வேண்டும்?

இன்றைக்கு உலகத்தின் கோபால்ட் உலோகத்தில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் வருகிறது, உன் போன் பேட்டரிக்கும் சேர்த்து. அந்தக் கட்டாங்காப் பக்கத்திலிருந்து அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குக் காலனிக் காலத்தில் போட்ட ரயில்பாதையை அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போட்டுப் புதுப்பிக்கின்றன. அதில் கல்லை அப்படியே ஏற்றப்போகிறார்களா, அங்கேயே பேட்டரி செய்ய விடுவார்களா? எனக்குச் சந்தேகம்தான். நீ என்ன நினைக்கிறாய், எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி