சேலத்தில் டிரைவர் ரிவ்யூ செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சேகோ ஆலைகளுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும் லினக்ஸில் ஓடும் கன்ட்ரோல் பேனல் செய்து தருகிற நம் ஊர்ப் பட்டறைகளில், டிரைவர் கோடை (டச் ஸ்கிரீன் மாதிரி வன்பொருளை இயக்கும் நிரலை) பார்த்து ஒப்புதல் தரும் சீனியர்களுக்கு எழுதுகிறேன். ஒரே வேண்டுகோள்தான். எல்லா டிரைவருக்கும் பொதுவான பிராப்பர்ட்டிகளை, அதாவது வன்பொருளைப் பற்றிய அமைப்பு விவரங்களை, ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டத்துக்குப் படிப்பதை இனி விடாதீர்கள்.

டச் ஸ்கிரீனையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் இடம் இல்லையென்று பேனலைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மாட்டுகிறோம். அதை டிவைஸ் ட்ரீயில் (என்ன வன்பொருள் எப்படி இருக்கிறது என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியலில்) சொல்ல இன்வர்ட்டட்-எக்ஸ், இன்வர்ட்டட்-ஒய், ஸ்வாப்டு-எக்ஸ்-ஒய் என்று பொதுப் பெயர்கள் உண்டு. அவற்றைப் படிக்கவும், தொட்ட புள்ளியைத் திருத்தி அனுப்பவும் கர்னலிலேயே பொதுவான ஃபங்ஷன்கள் உண்டு. அவை முதலில் அச்சைத் திருப்பும், அப்புறம்தான் எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றும். சொந்தமாக எழுதிய டிரைவரில் இந்த வரிசை மாறினால், எக்ஸைத் திருப்பச் சொன்னது ஒய்யைத் திருப்பிவிடும். 180 டிகிரியில் மாட்டிய பேனலில் இடமாற்றமே கிடையாது, அதனால் டெஸ்ட்டில் தப்பு தெரியாது. 90 டிகிரியில் மாட்டிய பேனல் ஆலைக்குப் போன பிறகுதான் தெரியும். மோட்டாரை நிறுத்தத் தொட்டவருக்கு வேறொரு பட்டன் அழுந்துவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் பூலியன் பிராப்பர்ட்டிக்கு 0 என்று மதிப்புக் கொடுத்தாலும் கர்னல் அதை 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் அந்த வரியே இருக்கக்கூடாது. எண் பிராப்பர்ட்டியைப் படிக்கும் ஃபங்ஷன் அழைப்பு தோற்றால், மதிப்பை வாங்க வைத்திருக்கும் மாறியில் (வேரியபிளில்) எதையும் எழுதாது. ஆகவே இயல்பு மதிப்பை முன்கூட்டியே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிராப்பர்ட்டி இல்லாமல் இருப்பது வேறு, தப்பாக எழுதியிருப்பது வேறு. இரண்டாவதை டிரைவர் சத்தமில்லாமல் விழுங்கக்கூடாது.

2015-இல் வந்த கர்னல் 3.19 முதலே டிவைஸ் ட்ரீக்கும், பிசி வகை போர்டுகளில் அதே வேலையைச் செய்யும் ஏசிபிஐக்கும் பிராப்பர்ட்டி படிக்க ஒரே அழைப்புகள் இருக்கின்றன. புதிய டிரைவரில் டிவைஸ் ட்ரீக்கு மட்டுமான பழைய அழைப்பைக் கண்டால் காரணம் கேளுங்கள்.

பழைய டிரைவர்களையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். டிரைவரின் தப்பை மறைக்க அப்ளிகேஷனில் யாராவது அச்சைத் திருப்பி வைத்திருப்பார்கள். டிரைவரை மட்டும் சரிசெய்தால், இதுவரை ஒழுங்காக ஓடிய பேனல் கெட்டுவிடும். இரண்டு மாற்றத்தையும் ஒரே அப்டேட்டில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன்னால் 90 டிகிரியில் ஒரு பேனலை மாட்டி, நான்கு மூலையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டிரைவர் எழுதும் ஒருவன்,
அஸ்தம்பட்டி, சேலம்