கோவாவுக்குப் போகிறாயாம்

தம்பி கார்த்தி,

அப்பா எழுதுவது. நீ கோவா போகிறாய் என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. போய்விட்டு வா, உன் காசு, உன் லீவு, நான் எதற்குத் தடுக்கப்போகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அம்மாவுக்குத்தான் வருத்தம். போனில் ஆரம்பித்தால் ‘மீட்டிங்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் வாட்சப்பில் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று தள்ளிவிடாமல் கடைசி வரை படி.

முதலில், பீச்சில் உட்கார்ந்து குடிப்பது அங்கே குற்றம். தெருவுக்குத் தெரு பார் இருக்கிறதே, எங்கே வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் போகிறார்கள். சுற்றுலா இடங்களைப் பாதுகாக்க என்று 2001-இல் கோவாவில் ஒரு சட்டம் போட்டார்கள். 2019-இல் அதைத் திருத்தி, வெட்டவெளியில் குடிப்பது, பாட்டில் உடைப்பது, அடுப்பு மூட்டிச் சமைப்பது எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அப்போது தனி ஆளுக்கு 2,000 ரூபாய், கூட்டமாகப் பிடிபட்டால் 10,000. 2025-இல் மறுபடி திருத்தி, அபராதம் ஒரு லட்சம் வரை போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். லைசென்ஸ் உள்ள கடைக்குள் உட்கார்ந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நீ குடிப்பாய் என்று சொல்லவில்லை, உன்கூட வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் வண்டி. வாடகைக்கு எடுத்தால் கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியாகப் பார்த்து எடு. வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்று எவனாவது வருவான், அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி, வாடகைக்கு விடக்கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் முதல் வாய்தாவிலேயே இதைத்தான் பிடித்துக்கொள்வான். கோர்ட் சர்வீஸ் முழுக்க எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்டஈட்டு வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் சொல்கிறேன், கேள். வண்டியை மணலுக்குள் இறக்கிப் படம் எடுக்கிற வேலையும் வேண்டாம், பறிமுதல் செய்து வழக்குப் போடுகிறார்கள்.

குடித்துவிட்டு ஓட்டினால் என்ன என்பது உனக்கே தெரிந்திருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். இது கோவாவுக்கு மட்டும் இல்லை, நீ இருக்கிற புனேவுக்கும் இதேதான்.

இன்னொருவன் பையை ‘கொஞ்சம் பிடிடா’ என்று கொடுத்தால் வாங்காதே. போதைப்பொருள் சட்டம் மற்றச் சட்டங்கள் மாதிரி இல்லை. உன் கையில் இருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று எடுத்துக்கொள்வார்கள், தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். எம்.டி.எம்.ஏ. என்கிறார்களே, அது 10 கிராமுக்கு மேல் இருந்தாலே குறைந்தது பத்து வருஷம், ஜாமீனும் லேசில் வராது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நீ போவது ஆடி மாதம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அங்கே கடலில் இறங்கக் கூடாது. பாகா பீச்சிலும் கலங்குட் பீச்சிலும் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். கொடி எதற்கு என்று வாதம் பண்ணாதே. மேலே அலை சாதுவாகத் தெரியும் இடத்தில்தான் கரைக்கு வந்த தண்ணீர் மொத்தமும் ஒரு வாய்க்கால் மாதிரி திரும்பி உள்ளே ஓடும். அதை எதிர்த்து நீந்தினால் எப்பேர்ப்பட்டவனும் களைத்துப் போவான், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால்தான் அதைவிட்டு வெளியே வரலாம். நம் கிணற்றில் கற்ற நீச்சல் இதற்கு உதவாது. இரண்டு கிளாஸ் போட்டவனுக்குப் பக்கவாட்டு எது, எதிர்ப்பக்கம் எது என்றே தெரியாது. இருட்டிவிட்டால் பீச் கோபுரத்தில் முழுகுகிறவர்களைக் காப்பாற்றுகிற காவலரும் இருக்க மாட்டார். கால் மட்டும் நனைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்வாயே, அந்த மாதிரி வாக்குறுதி எனக்கு வேண்டாம், தண்ணீர் பக்கமே போகாதே.

தூத்சாகர் அருவிக்குத் தண்டவாளத்தில் நடந்து போகலாம் என்று எவனாவது சொன்னாலும் கேட்காதே. 2023 ஜூலையில் அப்படிப் போன பெரிய கூட்டத்தை ரயில்வே போலீஸ் மடக்கித் தோப்புக்கரணம் போட வைத்தது, வீடியோ நம் ஊர் வரைக்கும் வந்தது. அந்த வரிசையில் உன்னைப் பார்த்தால் உன் அம்மா சிரிப்பாளா அழுவாளா தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியில் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. பழக்கமில்லாதவர்களோடு செல்ஃபி எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்று அந்த ஊர்ச் சுற்றுலாத் துறையே சொல்லியிருக்கிறது. இதெல்லாம் நம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மோட்டார் ரிப்பேர் ஆகி இரண்டு நாள் தண்ணீர் இல்லை, இப்போது சரியாகிவிட்டது. அக்கா பையன் நடக்கிறான். நீ வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா திறந்து காட்டுகிறாள். உன் ஆபீசில் உன்னை எப்படி மதிக்கிறார்கள் என்று மாமா சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இவ்வளவு கெட்டிக்காரனுக்கு வீட்டுக்கு ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை, அதுதான்.

போன தடவை வந்தபோது நீ கழற்றிப் போட்ட நீலச் சட்டையை அம்மா ராத்திரியே ஊறவைத்துவிட்டாள், விடிந்து பார்த்தால் கொடியில் கிடந்தது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியம்மாவும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் துவைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத மாட்டேன்.

ரூம் எந்தப் பக்கம், கூட யார் யார், ராத்திரி வண்டி ஓட்டப்போவது யார். இது மூன்றையும் எனக்குச் சொல்லாவிட்டால் பரவாயில்லை, அக்காவிடமாவது சொல். ஓட்டுகிறவன் தொடாதவனாக இருக்கட்டும். அப்படி ஒருத்தனும் இல்லை என்றால் டாக்சி பிடி. அங்கே ஓலா, ஊபர் கிடையாது, கோவா மைல்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, கிளம்பும் முன்பே போனில் ஏற்றிக்கொள். ஜிபேயில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். உன்னிடம் இல்லாமல் இல்லை, தெரியும். அதை டாக்சிக்கு மட்டும் வைத்துக்கொள்.

அப்பா