மூன்று கொலைக்கு 27 பேரா?

ஆசிரியருக்கு,

சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் 2018 மே மாதம் மூன்று பட்டியல் சாதியினர் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அந்த வழக்கில் 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வெட்டினது நாலஞ்சு பேரா இருக்கும், மத்தவன் என்ன பண்ணினான்?" என்றார். இன்றுவரை ஊர்த் தகராறு என்றாலே இந்தக் கேள்விதான்.

சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் ஒரே கெட்ட நோக்கத்தோடு சேர்ந்து போனால், அந்த நோக்கத்துக்காக ஒருவர் செய்த கொலைக்கு எல்லோரும் பொறுப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 149-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 190. யார் அரிவாளை ஓங்கினார், யார் வழியை மறித்துக்கொண்டு நின்றார் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

அதற்காகச் சத்தம் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து வேடிக்கை பார்த்தவரையும் உள்ளே தள்ள முடியாது. 1964-லேயே மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது, கூட்டத்தில் இருந்ததாக ஒரே ஒரு சாட்சி சொன்னால் போதாது, இரண்டு மூன்று பேராவது மாறாமல் சொல்லட்டும் என்ற எச்சரிக்கையையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் எஃப்.ஐ.ஆரில் பகையாளியின் அண்ணன், மச்சான், வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி வரை எழுதிக் கொடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம்தான், சரி, அதைச் சலித்தெடுக்க வேண்டியது விசாரணை அதிகாரி. அவர் அதைச் செய்யாமல் விட்டால், சாட்சிகள் மேலேயே சந்தேகம் வந்து, நிஜமாகவே கம்போடு போனவனும் அந்தச் சந்தேகத்தில் தப்பித்துவிடுகிறான்.

– ஒரு வாசகர், மானாமதுரை