‘சும்மா இருக்கும் பிள்ளைகள்’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுவழிக் கல்வி பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘பள்ளிக்குப் போகாமல் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகள்.’ அந்தச் ‘சும்மா’வை எழுதியவரை ஒரே ஒரு திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

எங்கள் பெரியவன் இரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலப் பள்ளிக்குப் போனவன்தான். வேன் காலை 6.50க்கு வரும். ஊர் ஊராகச் சுற்றிப் பள்ளிக்குப் போய்ச் சேர 8.30 ஆகும். வாந்தி எடுத்த சீருடையோடு எத்தனை நாள் வந்து நின்றான் என்று எண்ணி மாளாது. போதும் என்று நிறுத்தப் போனால், அடுத்த பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். கட்டினோம். உளுந்து விற்ற காசு அது. அரசுப் பள்ளிக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அப்போது ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

எந்தப் பாடத்திட்டம் என்பதை உங்கள் கட்டுரையாளர் ‘அவரவர் விருப்பம்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அந்த இரண்டு சொல்லுக்கு எங்கள் வீட்டில் நாலு வருடம் ஆனது. முதலில் சென்னையில் ஒருவரிடம் பாதி விலைக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகப் பெட்டி வாங்கினேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பனிமனிதனுக்கு எத்தனை பொத்தான் என்று கேட்கிறது. பையன், “பனிமனுஷன்னா பேயாம்மா?” என்றான். பெட்டி பரணுக்குப் போனது. அப்புறம் அரசுப் பாடநூல்கள். 2018 முதல் வந்த புதிய புத்தகங்கள் வலைத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு அதிலேயே ஓடியது. பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ்., அதாவது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு. 14 வயது முடிந்திருந்தால் போதும்; ஐந்து பாடம்; ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாகக்கூட எழுதலாம். தமிழும் ஓவியமும் அவனே எடுத்துக்கொண்டான். அதை ஃபெயிலானவர்கள் எழுதும் பரீட்சை என்று உங்கள் பத்திரிகை முன்பொரு தடவை எழுதியதும் எனக்கு மறக்கவில்லை.

சின்னவளைப் பற்றிச் சொல்கிறேன். போன தையில் கொள்முதல் நிலையத்தில் அவள் அப்பாவோடு மூன்று நாள் நின்றாள். மீட்டரில் நெல்லின் ஈரம் 22 சதவீதம் காட்டியது. 17க்கு மேல் எடுக்க மாட்டோம் என்று நெல்லைத் திரும்பக் கொட்டிக் காயவைக்கச் சொன்னார்கள். காய்ந்தால் 100 கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்றார் இவர். அஞ்சு கிலோதானே என்றேன் நான், பி.எஸ்சி. படித்தவள். அவள் சாக்கின் மேல் கரித்துண்டால் எழுதினாள். “தண்ணி 22, மிச்சம் 78. எவ்வளவு காஞ்சாலும் இந்த 78 குறையாதும்மா. இதுதான் 83 சதவீதமா நிக்கணும். அப்போ மொத்தம் 94. குறையறது ஆறு.” எடைபோடுபவர் தன் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு டீ சொன்னார். பன்னிரண்டு வயசு, சும்மா இருக்கும் பிள்ளை.

கட்டுரையில் ‘சட்டவிரோதம்’ என்றொரு சொல்லும் விழுந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, மறுக்கவில்லை. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதும் இல்லை. இது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்து, “போலீஸ் வருமா அண்ணி?” என்று கேட்கிறாள். போலீஸ் வரவில்லை. வருடா வருடம் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுப்பவர்கள் வருகிறார்கள். நோட்டை, ஓவியத்தை, ஹால் டிக்கெட்டை எல்லாம் காட்டுவேன். மோர் குடித்துவிட்டு ‘இடைநிற்றல்’ என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பும் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இடமில்லை போலிருக்கிறது. நீட் கோச்சிங் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். என்.ஐ.ஓ.எஸ். சேர்க்கைக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கடைசித் தேதி அறிவிக்கும்போது கல்விப் பக்கத்தில் நாலு வரி போடுங்கள். போன தடவை தேதி தெரியாமல் தாமதக் கட்டணம் கட்டினோம். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஐ நீங்கள் ஒரு வருடமும் விட்டதில்லையே.

இப்படிக்கு,
பேப்பரை இன்னும் நிறுத்தாத ஒரு வாசகி,
நீடாமங்கலம் பக்கம்.

பி.கு.: பெயர் போட வேண்டாம், கணக்கெடுப்பவர்கள் திரும்ப வருவார்கள். இன்னொன்று, அந்தப் படத்தில் பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். புகைப்படக்காரர் கையில் திணித்தது என்று பார்த்தாலே தெரிகிறது.